மீன்தொட்டியும் நைதரசன் வட்டமும்

புதிய கண்ணாடித் தொட்டியில் தெளிந்த நீரை நிரப்பி அன்றே மீன்களை விட்டால், ஓரிரு வாரங்களுள் அவற்றுட் பல இறந்துவிடுவதுண்டு. நீரோ அப்போதும் தெளிவாகவே காணப்படும். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை விளங்கிக்கொள்ள நைதரசன் வட்டத்தை அறிதல் வேண்டும்.

மீன் உண்ணும் புரதத்திலுள்ள நைதரசனின் பெரும்பகுதி அமோனியாவாகப் பூக்களினூடாக வெளியேறுகின்றது. எஞ்சிய உணவு அழுகுவதாலும் அமோனியா உண்டாகும். நீரில் இதன் ஒரு பகுதி அமோனியம் அயனாகவும் மறுபகுதி அயனாகாத அமோனியாவாகவும் இருக்கும். நச்சுத்தன்மை பெரிதும் பின்னதற்கே உரியது. 25 பாகை செல்சியசில், பீ.எச். பெறுமானம் 7 ஆயின் ஏறத்தாழ 0.6 சதவீதமே அயனாகாத நிலையில் இருக்கும். 8 ஆயின் அது 5 சதவீதத்தைத் தாண்டும்.

இந்நஞ்சை அகற்றுவன நுண்ணுயிர்களே. ஒரு சாரார் அமோனியாவை நைத்திரைற்றாகவும், மறுசாரார் அதனை நைத்திரேற்றாகவும் ஒட்சியேற்றுகின்றனர். இம்மாற்றம் உயிர்களின் தொழிற்பாடே என்பதை 1877 இல் சுலோசிங், மூன்சு என்போர் காட்டினர். பற்றீரியாக்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட இத்தொழிலை ஆர்க்கியா இனமொன்றும் ஆற்றுவது 2005 இல் வெளியாயிற்று. அவ்வுயிர் பிரித்தெடுக்கப்பட்டது சியாற்றில் நகர மீன்காட்சியகத் தொட்டியொன்றின் சரளைக்கற்களிலிருந்தாகும்.

இடைவிளைவான நைத்திரைற்றும் கொடியதே. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் காவ இயலாத மெதீமோகுளோபினாக மாற்றுகின்றது. இந்நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகுவதால், புதிய தொட்டி நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் வரை செல்லலாம். வடிகட்டியைக் குளோரீன் கலந்த நீரிற் கழுவுவோர் தம்மையறியாமலே இவற்றை அழிக்கின்றனர்.

இறுதி விளைவான நைத்திரேற்று நச்சுத்தன்மை குறைந்ததாயினும் படிப்படியாகச் சேர்ந்துகொண்டே போகும். தாவரங்கள் ஒரு பகுதியை உறிஞ்சும்; எஞ்சியதை நீரின் ஒரு பகுதியை அடிக்கடி மாற்றியே அகற்றல் வேண்டும்.

இவ்விரசாயனம் தொட்டியோடு முடிவதன்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையினுள் தங்கும் நீரையே பெரிதும் நம்பியுள்ளது. தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் மலக்குழிகளின் கசிவும் இதே வழியில் நைத்திரேற்றாகிக் கிணறுகளை அடைகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அங்குள்ள பல கிணறுகளில் அது மீறப்பட்டுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, மீனுக்கு நேரும் அதே கேட்டை விளைவிக்கக்கூடும். தொட்டியின் நீரை நாம் மாற்றிவிடலாம். நிலத்தடி நீரை அவ்வாறு மாற்றுதல் இயலாது. அதனுட் சேர்வதைக் கட்டுப்படுத்துவதே வழியாகும்.