கல்லைக் கழுவினேன், மீன் செத்தது!

சுத்தம் செய்வதால் உயிர் போகுமா? என் வீட்டில் போயிற்று.

எங்கள் மீன் தொட்டியில் இரண்டு தங்கமீன்கள் இருந்தன. அடியில் பரப்பியிருந்த சிறு கூழாங்கற்களில் அழுக்கு சேர்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்களை அள்ளிக் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். நீர் முழுவதையும் மாற்றினேன். தொட்டி பளிச்சென்று ஆயிற்று. ஐந்தாம் நாள் ஒரு மீன் செத்து மிதந்தது.

காரணம் என்ன? தங்கமீன் செவுள்கள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட இரையும் எச்சமும் அழுகி, மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. இது மீனுக்கு நஞ்சு. கற்களின்மேல் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா இதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே. வேறொரு வகை அதனைத் தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துப்புரவுப் படையைத்தான் குளோரின் கலந்த குழாய்நீரில் தேய்த்து அழித்துவிட்டேன்!

அப்படியானால் அழுக்கை விட்டுவிடலாமா? கூடாது. அழுக்கு போக வேண்டும். பாக்டீரியா இருக்க வேண்டும். இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது.

4 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் புட்டியின் அடியை வெட்டிவிடுங்கள். மூடியில் துளையிட்டு, 1 செ.மீ. உள்விட்டமுள்ள ரப்பர் குழாயை இறுக்கமாகச் செருகுங்கள். இரண்டையும் தொட்டி நீரில் அமிழ்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். குழாயின் மறுமுனையைக் கட்டைவிரலால் அடைத்து, தொட்டிக்குக் கீழே வைத்த வாளிக்குக் கொண்டுவாருங்கள். விரலை எடுத்ததும் நீர் தானே வடியும். இதுவே சைஃபன். வாயால் உறிஞ்ச வேண்டாம்!

இப்போது புட்டியின் வெட்டிய முனையைக் கற்களுக்குள் அழுத்துங்கள். புட்டியின் விட்டம் 4 மடங்கு. ஆகவே குறுக்குப் பரப்பு 16 மடங்கு. ரப்பர் குழாயில் நீர் விநாடிக்கு 80 செ.மீ. வேகத்தில் ஓடினால், புட்டியில் 5 செ.மீ. வேகத்தில்தான் மேலேறும். கல் நீரில் இதைவிட விரைவாக விழும். எனவே புரண்டு, எழும்பி, கீழேயே தங்கிவிடும். நீரைவிடச் சிறிதே அடர்த்தி மிகுந்த அழுக்கு மெல்லத்தான் விழும். எனவே நீரோடு வாளிக்குப் போய்விடும்.

வாரம் ஒருமுறை கால்பங்கு நீர் வடியும்வரை இவ்வாறு செய்யுங்கள். ஈடாகக் குளோரின் நீக்கிய நீரை ஊற்றுங்கள். எஞ்சிய என் தங்கமீன் இன்றும் நலமாக நீந்துகிறது. வாளி நீரையும் கொட்டிவிடாதீர்கள். அதிலுள்ள நைட்ரேட் உங்கள் ரோஜாச் செடிக்கு நல்ல உரம்!