இளங்கன்றின் சிறுநீரகமும் ‘இயக்குநீர்’ என்னும் சொல்லும்

‘ஆர்மோன்’ என்பதனைத் தமிழில் ‘இயக்குநீர்’ என வழங்குவர். ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் 1905-இல் வழக்கிற்குக் கொணர்ந்த அம்மூலச் சொல்லும் ‘கிளர்த்தி இயக்குவது’ என்னும் பொருளுடைய கிரேக்க வினையடியாகப் பிறந்ததே. ஆகலின் பெயர்ப்பிற் பிழையில்லை. எனினும் பொருள் முழுமையும் இச்சொல்லுள் அடங்குமோ என்பது ஆராயத்தக்கது.

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரப் பக்கத்து மலைக்காடுகளில் மேயும் ஆலம்பாடி மாட்டின் கன்றினைக் கொள்வோம். கருவில் அதன் கழிவகற்றும் பொறுப்பு நஞ்சுக்கொடியினது. பிறந்த அளவிலே அப்பொறுப்புச் சிறுநீரகத்தைச் சாரும். கன்றுக்குப் பால் ஒன்றே உணவு. அதில் நீர் மிகுதி, உப்புக் குறைவு. வளரும் உடலுக்கோ உப்பு இன்றியமையாதது. எனவே சிறுநீரகம் சுரக்கும் ரெனின், அதன்வழித் தோன்றும் ஆஞ்சியோடென்சின், அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் ஆகியவை பாலூட்டிகளின் இளமையில் முதுமையினும் மிகுந்து நின்று, உப்பினை வீணாகாமல் மீட்கின்றன. கழிச்சல் கண்ட கன்றுக்கு நீரோடு உப்பும் புகட்டவேண்டுவது ஏன் என்பது இங்கே விளங்கும்: சிறுநீரகம் எவ்வளவு மீட்பினும் குடல்வழி இழந்ததை ஈடுசெய்ய இயலாது.

நீரை மீட்பது பிட்யூட்டரியின் பின்மடல் வெளியிடும் வாசோபிரசின். இங்கே ஒரு வியப்பு உண்டு. எலிக்குஞ்சின் குருதியில் வாசோபிரசின் இருந்தும், முதற்சில வாரங்களில் அதன் சிறுநீரகம் அதற்குச் செவ்வனே இணங்குவதில்லை; ஏனெனில் எலியின் சிறுநீரக நுண்குழல்கள் பிறந்த பின்னரும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. மாட்டிலும் ஆட்டிலும் அவ்வாக்கம் கருவிலேயே முடிவுறும். ஆதலின் கன்று எலிக்குஞ்சினும் முந்திச் சிறுநீரைச் செறிவாக்கவல்லது. எலியிற் கண்டதைக் கன்றுக்கு அப்படியே ஏற்றியுரைத்தல் பொருந்தாது.

இன்னும் நுட்பமானது ஆஞ்சியோடென்சினின் செயல். பிறந்த எலிக்குஞ்சில் அதனைத் தடுப்பின் சிறுநீரகத்தின் உட்பகுதியே குன்றிவிடுகின்றது. கருவுற்ற மகளிர்க்கு அதனைத் தடுக்கும் இரத்த அழுத்த மருந்துகளை மருத்துவர் விலக்குவதும் கருவின் சிறுநீரகங் கெடும் என்பதனாலேயாம்.

அமைந்த உறுப்பை இயக்குவது மட்டுமன்றி, உறுப்பை ஆக்குவதும் ஆர்மோனின் தொழில் என்பது இவற்றாற் பெறப்படும். ‘இயக்குநீர்’ முற்பகுதியையே சுட்டுகின்றது. ‘நீர்’ என்பதும் இடர்ப்பாடே; சிறுநீர், குடிநீர், உடல்நீர் எனப் பேசும் இத்துறையில், நீரல்லாத ஒரு வேதிப்பொருளை நீரென்றல் மாணவரை மயக்கும். பொதுநூல்களில் அச்சொல் நிற்கட்டும். உடலியல் நூல்களில் ஆர்மோன் என்றே எழுதுதல் தெளிவு என்பது எம் கருத்து.