பாட்டு ரீச்சரின் சம்பளம்

சியாகுல்லியில் மன்டரின் பிந்தித்தான் பழுக்கும். தை தொடங்கிப் பங்குனி வரைக்கும் பறிப்புக் காலம். தோட்ட வேலைக்குப் போகும் தகப்பன் வீடு திரும்ப இருட்டிவிடும். பிள்ளையைச் சங்கீத வகுப்புக்குக் கூட்டிப்போக ஆளிராது. மாத முடிவில், "பிள்ளை இரண்டு கிழமை வரேல்லைத்தானே ரீச்சர், அதைக் கழிச்சுத் தாறம்" என்பார்கள்.

எம்மவரில் அநேகர் பலெர்மோவில் வீட்டு வேலை செய்பவர்கள். வீட்டுக்காரர் தமது வசதிக்காக "இந்தக் கிழமை வரவேண்டாம்" என்றால், அது உங்கள் வருடாந்த விடுமுறையாக இல்லாதவிடத்து, அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. வீட்டு வேலைக்கான தேசிய ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது. மார்கழியில் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் உண்டு. புதிதாக வந்தவர்கள் இதை அறிந்து வைத்திருங்கள், எல்லா வீட்டுக்காரரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் நேரத்துக்கு உள்ள இந்த நியாயம் ரீச்சரின் நேரத்துக்கு இல்லையா? உங்கள் பிள்ளைக்கென ஒதுக்கிய மணித்தியாலத்தை அவர் வேறு எவருக்கும் கொடுக்க முடியாது.

"கலையை விற்கலாமோ?" என்று கேட்பவர்களும் உண்டு. தியாகராஜ சுவாமிகள் (1767-1847) உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர்தான். அவருக்கு மின்சாரக் கட்டணம் வரவில்லை! குருகுலத்திலும் சீடன் தண்ணீர் அள்ளினான், விறகு கொத்தினான். அதுவும் ஒரு கட்டணமே. மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக்கழகம் 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு சேர்ந்தது. அங்கே படிப்பித்தவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது. இங்கே தனியே வகுப்பு நடத்தும் ரீச்சருக்குப் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை.

அதற்காக இல்லாதவன் பிள்ளை பாட்டுப் படிக்கக் கூடாதா? 1660இல் பலெர்மோவில் பிறந்த அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாத்தியின் பெயரில் இந்நகரில் அரச இசைக் கல்லூரி இருக்கிறது. இத்தாலியில் 2016ஆம் ஆண்டின் 232ஆம் இலக்கச் சட்டம், வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்கு அரச பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய கல்லூரிகளிலும் வருடாந்தக் கட்டணத்தை நீக்கியது. குடும்ப வருமானத்தைக் காட்டும் 'இசே' பத்திரத்தைக் கொடுத்தால் சரி, யாரிடமும் போய் அழத் தேவையில்லை. இரக்கத்தை முன்கூட்டியே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

எங்கள் ரீச்சர்மாரும் அப்படிச் செய்யலாம். மாதத் தொடக்கத்தில் பணம். முதல்நாளே அறிவித்தால் வேறொரு நாள் வகுப்பு. இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. வேலை இழந்த வீட்டுக்கு மூன்று மாதம் கட்டணமில்லை. இதை ஒரு தாளில் எழிச் சேரும்போதே கொடுத்துவிட்டால், வாய்ச்சாதுரியம் உள்ளவருக்குக் கழிவு, வெட்கப்படுபவருக்கு முழுக்கட்டணம் என்ற அநியாயம் நடக்காது. இப்போது நடப்பது அதுதான்.

பெற்றோருக்கும் ஒன்று. வேலை போனால் ரீச்சரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பிள்ளையிடம் சொல்லி அனுப்பவேண்டாம். மற்றப் பிள்ளைகள் சுருதிப்பெட்டியைச் சுற்றி இருக்கும்போது அந்தச் செய்தியைச் சொல்ல அதற்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும்.