பசுமை வேலைக்குப் பணம் கட்டும் முன்

தங்க நிற ஓரம், மூலையில் அரசு முத்திரை போலத் தோன்றும் ஒரு வட்டம், நடுவே ‘சோலார் டெக்னீஷியன்’ என்று கொட்டை எழுத்து. கீழே வரிசையாக ஐ.எஸ்.ஓ. 9001, உத்யம் பதிவு எண், நீதி ஆயோக் தர்ப்பண் எண். இப்படி ஒரு சான்றிதழை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு வேலை கேட்டு அலையும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். உத்யம் பதிவு என்பது சிறுதொழில் நடத்துகிறவர் ஆதாரை வைத்து வீட்டிலிருந்தே இலவசமாகச் செய்துகொள்வது. மாவு மில்லுக்கும் கிடைக்கும். தர்ப்பண், தொண்டு நிறுவனங்களின் பதிவேடு. ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக முறைக்குத் தனியார் அமைப்புகள் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் தரச்சான்று. மூன்றில் எதுவும் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தைத் தராது. பெற்றோர் இதைக் கேட்பதில்லை. எண்கள் நிறைய இருந்தால் அரசாங்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வேலை பொய்யில்லை, அதுதான் சிக்கல். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் ஓடுகிறது. கங்கைகொண்டானில் டாடா பவர், பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் எனப் பேனல் ஆலைகள் வந்திருக்கின்றன. ஒரு கோடி வீட்டுக் கூரைகளை இலக்காக வைத்து 2024 பிப்ரவரியில் சூரிய வீடு திட்டம் தொடங்கியது. காற்றாலைப் பராமரிப்பு, மின்வாகன சர்வீஸ், மின்னணுக் கழிவுப் பிரிப்பு, அடுக்குமாடிகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று ஆள் தேவைப்படும் இடங்கள் பல. தேவை உண்மையாக இருப்பதால்தான் ‘பணம் கட்டினால் வேலை உறுதி’ என்கிற நோட்டீஸும் எடுபடுகிறது.

முதலில் இலவசத்தைத் தேடுங்கள். மத்திய அரசின் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்தும் சூரியமித்ரா பயிற்சி 600 மணி நேரம், ஏறத்தாழ மூன்று மாதம். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் போன்ற பிரிவு முடித்தவர்களுக்கானது, கட்டணம் கிடையாது. காற்றாலைப் பக்கம் வாயுமித்ரா என்று ஒன்று உண்டு; விவரம் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாலை ஆற்றல் நிறுவனத்தில் கிடைக்கும். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகளும் இலவசம். இவற்றின் பெயரைச் சொல்லி யாராவது ‘பதிவுக் கட்டணம்’, ‘சீருடைக் கட்டணம்’, ‘திரும்பத் தரும் முன்பணம்’ கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த குழு எங்கே, எப்போது என்பதை ஊருக்கு ஊர் அறிவிக்க வேண்டிய அலுவலகங்கள் அதை இணையத்தில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கின்றன. அந்த மெத்தனத்தில்தான் தரகர் பிழைக்கிறார்.

சான்றிதழ் செல்லுமா என்று பார்க்கக் கால் மணி நேரம் போதும். 2015இல் அமைந்த பசுமை வேலைகளுக்கான திறன் குழுமம்தான் இந்தத் துறைப் பணிகள் பலவற்றுக்குப் பாடத்திட்டம் வகுப்பது. அதன் கீழ் வரும் சான்றிதழில் எஸ்.ஜி.ஜே. என்று தொடங்கும் பணிக் குறியீடும் தேசியத் தகுதிக் கட்டமைப்பின் நிலை எண்ணும் இருக்கும். கியூ.ஆர். குறியீடும் இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். தன் சொந்த இணையதளத்துக்கே கொண்டுபோகும் குறியீட்டை யாரும் அச்சடிக்கலாம். சேரும் முன்பே, ஏற்கெனவே அங்கே படித்து முடித்த ஒருவரிடம் அவர் கைப்பேசியிலுள்ள டிஜிலாக்கரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அரசு வழி வந்த சான்றிதழ் என்றால் அங்கே இருக்க வேண்டும். படித்தவர் ஒருவரைக்கூடக் காட்ட முடியாது என்கிற மையத்தில் உங்களுக்கு என்ன வேலை?

காற்றாலையில் மேலே ஏறும் வேலைக்கு, ஜி.டபிள்யூ.ஓ. எனும் உலகக் காற்றாலை அமைப்பின் பாதுகாப்புப் பயிற்சி கேட்கிறார்கள். இதற்குக் கட்டணம் உண்டு, அது மோசடியும் அல்ல. ஆனால் இந்தப் பயிற்சி காகிதத்தை வைத்து மதிக்கப்படுவதில்லை. முடித்தவர் பெயர் விண்டா என்கிற தரவுத்தளத்தில் ஏற வேண்டும், உங்களுக்கென்று ஒரு விண்டா எண் வேண்டும். உயரத்தில் வேலை செய்யும் பாடம் 2 ஆண்டுதான் செல்லும்; பிறகு புதுப்பிக்க வேண்டும். ‘ஆயுள் முழுக்கச் செல்லும்’ என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார்.

ஏமாந்துவிட்டால் செய்ய வேண்டியதை ஏறக்குறைய எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று மனு கொடுக்கிறார்கள். அந்த மனு காவல்துறைக்கு அனுப்பப்பட்டுக் காவல் நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் மையத்தின் போர்டு கழற்றப்பட்டிருக்கும். ஜிபே, போன்பே வழியாக அனுப்பியிருந்தால் முதலில் இணையவழிக் குற்ற உதவி எண் 1930. இன்றே, இப்போதே. பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க முடிந்தால்தான் அந்த எண்ணால் பயன். சொந்தக்காரர்களிடம் யோசனை கேட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து அழைப்பது வீண்.

அடுத்தது காவல் நிலையம். மோசடி செய்து பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். புகாரில் கதை வேண்டாம்: யார், எந்தத் தேதியில், என்ன வாக்குறுதி கொடுத்து, எவ்வளவு வாங்கினார், பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடலின் நகல், நோட்டீஸ். வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு தருவார்கள். அது பெரும்பாலும் புகார் வந்ததை மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதுதான்; முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் மக்கள் அந்தச் சீட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு ‘கேஸ் போட்டாச்சு’ என்கிறார்கள். கேஸ் போடப்படவில்லை. எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கேளுங்கள், நகல் உங்களுக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும்.

பதிவு செய்ய மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)ஐக் குறிப்பிட்டுப் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைத் தொலைக்காதீர்கள். அங்கும் அசையவில்லை என்றால் 175(3)இன்படி நீதித்துறை நடுவரிடம் மனு. நடுவரிடம் போகும்போது கண்காணிப்பாளருக்கு அனுப்பியதற்கான அத்தாட்சி இல்லாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்த அட்டையைத் தொலைக்காதீர்கள்.

வேலை கிடைத்த பிறகு வேறு கவலை. பேனல் மாட்டப் போகிற பையன் பெரும்பாலும் மூன்றாவது கை ஒப்பந்ததாரரிடம் இருப்பான். பணி நியமனக் கடிதம் கேட்டால் ‘அப்புறம் தர்றேன் தம்பி’ என்பார்கள். கேளுங்கள்; புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை எல்லாத் தொழிலாளர்க்கும் கட்டாயமாக்குகின்றன. பி.எஃப். பிடித்தம் சம்பளச் சீட்டில் தெரிந்தால் போதாது, யு.ஏ.என். எண்ணை வைத்து உமாங் செயலியில் பணம் ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால் முதன்மை நிறுவனம் பொறுப்பு. எந்த நிறுவனத்தின் சைட் என்று தெரிந்திருந்தால்தான் தொழிலாளர் துறையில் அதைச் சொல்ல முடியும். கேட் பாஸைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையில் இருக்கும் ஆபத்து வீட்டு வயரிங் தெரிந்தவர்களுக்கே புரிவதில்லை. மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும் வரை பேனலில் மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். வரிசையாக இணைத்த பேனல்களில் பல நூறு வோல்ட் நேர்மின்சாரம். மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கையில் கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி நின்று எரியும். இன்வெர்ட்டரையும் டி.சி. ஐசொலேட்டரையும் அணைக்காமல் கை வைக்காதீர்கள். பெல்ட் தராத மேஸ்திரிக்காக ஓரத்தில் நடக்காதீர்கள்.

விழுந்துவிட்டால் ஒப்பந்ததாரர் சொல்லும் முதல் வசனம் இது: ‘ஆஸ்பத்திரியில வீட்ல விழுந்தேன்னு சொல்லு, செலவை நான் பாத்துக்கறேன்.’ அப்படிச் சொன்ன நிமிடமே இழப்பீட்டு வழக்கு பாதி தோற்றுவிட்டது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எங்கே, எந்த வேலையில், எப்படி விழுந்தார் என்று எழுதச் சொல்லி ஏ.ஆர். நகல் வாங்குங்கள். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு நிறுவனம் விபத்து அறிக்கை அனுப்பியதா என்று கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள். இ.எஸ்.ஐ. வரம்பிலேயே வராதவர் தொழிலாளர் துணை ஆணையரிடம் இழப்பீடு கோரலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது ஏ.ஆர். நகலைத்தான். வீட்டில் விழுந்ததாகச் சொல்லாதீர்கள்.

இதே பசுமைப் பட்டியலில் அடங்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் வேலையைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. மோட்டார் அடைத்துக்கொண்டால் ‘ஒரு நிமிஷம் இறங்கிப் பாரு’ என்பார் அடுக்குமாடி அசோசியேஷன் செயலாளர். தொட்டிக்குள் இருக்கும் வாயு ஆளைச் சாய்க்க அந்த ஒரு நிமிடம் போதும். தூக்கப் போகும் இரண்டாவது ஆளும் சாய்வார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவது, கையால் கழிவு அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை. சாவு நேர்ந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அசோசியேஷன் நீட்டும் ‘நிவாரணத் தொகை’யை வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவுக்குத் தலைவர் ஆட்சியர், எஃப்.ஐ.ஆர். நகலையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் இணைத்து இழப்பீடு கேட்கும் மனுவை அவரிடம் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை வரிசையில் நிற்பதற்கு இங்கேதான் பொருள் உண்டு. மனு எண் போட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.