ஒரே புத்தகம், ஒரே வகுப்பு… அப்போ எல்லாரும் சமமா? அமெரிக்கப் பள்ளிகளை மாற்றிய ஒரு வழக்கு

'பன்முகப் பண்பாட்டுக் கல்வி' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பள்ளிக்கூட விழாதான். ஒரு மேஜையில் சீன நூடுல்ஸ், இன்னொன்றில் மெக்சிகோ டாக்கோ, சுவர் முழுக்கக் கொடிகள். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் பேங்க்ஸ், இதையெல்லாம் முதல் படியாக மட்டுமே வகைப்படுத்தினார். அமெரிக்காவில் இந்தக் கல்விக்கு வழி திறந்ததில் விழா மேடையைவிடக் கோர்ட்டுக்குத்தான் பங்கு அதிகம். சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் கதை அதற்கு நல்ல உதாரணம்.

1884-ல் அங்கே ஜோசப், மேரி டேப் தம்பதி தங்கள் மகள் மேமியை ஸ்பிரிங் வேலி பள்ளியில் சேர்க்கப் போனார்கள். மேமி அமெரிக்காவிலேயே பிறந்த 8 வயதுச் சிறுமி. ஆனாலும், சீனக் குழந்தை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை போட்ட சட்டம் வந்து 2 வருடங்கள்தான் ஆகியிருந்தன. டேப் குடும்பம் வழக்குப் போட்டது. 1885-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது.

ஜெயிச்சாச்சு, இல்லையா? அதுதான் இல்லை. மாநில சட்டமன்றம் அவசர அவசரமாகச் சட்டத்தையே திருத்தி, சீனப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி நடத்த வழி செய்துகொண்டது. மேமி கடைசியில் படித்தது அந்தத் தனிப் பள்ளியில்தான். கலிஃபோர்னியாவில் இப்படிப் பிரித்து வைக்கும் சட்டப் பிரிவுகள் 1947-ல்தான் நீங்கின.

உள்ளே விட்டாச்சு, அப்புறம்?

1965-ல் குடியேற்றச் சட்டம் தளர்ந்தது. சீனக் குடும்பங்கள் நிறைய வந்து சேர்ந்தன. இப்போது பள்ளிக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே போன பிள்ளைக்கு டீச்சர் பேசுவது ஒரு வார்த்தைகூடப் புரியாது. பாடம், பரீட்சை, புத்தகம் எல்லாமே ஆங்கிலம். நகரத்தில் ஆங்கிலம் தெரியாத சீன மாணவர்கள் 2,856 பேர். சுமார் 1,000 பேருக்குத்தான் கூடுதல் ஆங்கில வகுப்பு கிடைத்தது. மீதி 1,800 பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கு வருவது சட்டப்படி கட்டாயம். ஆங்கிலம் தெரியாமல் பள்ளிப் படிப்பை முடிக்கவும் முடியாது. எப்படிச் சிக்க வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

1970-ல் பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' என்று இன்றும் பேசப்படுவது இதுதான். "எல்லாருக்கும் கொடுத்ததைத்தானே இவங்களுக்கும் கொடுத்தோம்?" - பள்ளி நிர்வாகத்தின் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான். கீழ் கோர்ட் இரண்டும் அதை ஏற்றுக்கொண்டன.

1974 ஜனவரி 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாகிவிடாது. மொழி புரியாத பிள்ளைக்கு அங்கே கல்வியே கிடைக்கவில்லை என்றார் தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ். 9 நீதிபதிகளும் அந்த முடிவுக்கே வந்தார்கள். அவர்கள் கையில் எடுத்தது அரசியல் சாசனத்தை அல்ல, 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்தை. மத்திய அரசிடம் காசு வாங்குறீங்களா? அப்போ இனம், பூர்வீகம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது. அவ்வளவுதான் அதன் சாரம்.

தீர்ப்பில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, என்ன செய்ய வேண்டும் என்று கோர்ட் சொல்லவில்லை. ஆங்கிலம் கற்றுக்கொடுக்கலாம், சீன மொழியிலேயே பாடம் நடத்தலாம், வேறு வழியும் இருக்கலாம் என்று விட்டுவிட்டது. இன்னொன்று நீதிபதி பிளாக்மன் தனியாக எழுதிய குறிப்பு. தனக்கு எண்ணிக்கைதான் முக்கியம், ஒரே ஒரு குழந்தைக்கு இந்தப் பிரச்சினை என்றால் இந்தத் தீர்ப்பு அதற்கு முடிவான பதில் ஆகாது என்றார் அவர். 1,800 பேர் என்றால் நியாயம், ஒருத்தர் என்றால் கேள்விக்குறியா? இது அன்றே உறுத்தியிருக்க வேண்டிய விஷயம்.

முதல் ஓட்டையில்தான் அரசியல் நுழைந்தது. 1998-ல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து இருமொழி வகுப்புகளைப் பெருமளவு முடக்கினார்கள். 2016-ல் அதே மாநிலம் மறுபடி வாக்களித்து அந்தத் தடையை எடுத்தது.

இதற்கிடையில் 2001-ல், பள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கு. அலபாமாவில் டிரைவிங் லைசென்ஸ் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் நடந்ததை எதிர்த்த வழக்கு அது. பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்தது என்று காட்டாமல், விளைவு பாகுபாடாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, தனிநபர்கள் அந்த 1964 சட்டத்தின் கீழ் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீனப் பெற்றோர்கள் 1970-ல் நுழைந்த வாசல் பெரும்பாலும் அடைபட்டது.

மிச்சம் இருப்பது, லாவ் தீர்ப்பு வந்த அதே 1974-ல் நாடாளுமன்றம் இயற்றிய சம கல்வி வாய்ப்புச் சட்டம். மொழித் தடையை நீக்கப் பள்ளிகள் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை அதிகாரபூர்வ மொழியாக அறிவித்து அதிபர் ட்ரம்ப் உத்தரவு போட்டாலும், அந்தச் சட்டத்தை அது நீக்கவில்லை. 'உரிய நடவடிக்கை' எது என்பதை, 1981-ல் வந்த ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பை அளவுகோலாக வைத்து, இப்போதும் வழக்குக்கு வழக்கு நீதிமன்றங்கள் அளந்துகொண்டிருக்கின்றன.