கிளட்ச் வேண்டுமா, வேண்டாமா? கார்க் கடனுக்கு முன் ஒரு கணக்கு

கார்க் கடன் கோரி எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர் இரண்டு விலைப்பட்டியல்களைக் கையில் வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே கார், எஞ்சினும் ஒன்றே. ஒன்றில் கியரை நாமே மாற்ற வேண்டும். மற்றொன்றில் அது தானாக மாறிக்கொள்ளும். விலை வேறுபாடு காரைப் பொறுத்து ஏறத்தாழ ஐம்பதாயிரத்திலிருந்து ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை இருக்கும். “சார், எதற்கு விண்ணப்பிக்கலாம், நீங்களே சொல்லுங்கள்” என்பார்கள்.

வணிகவியல் படித்தவனிடம் இதைக் கேட்டால் அவன் கணக்கிலிருந்துதான் தொடங்குவான். நானும் அப்படித்தான் தொடங்குகிறேன். ஆனால், கணக்கு முடிகிற இடத்தில் இந்தக் கேள்வி முடிந்துவிடுவதில்லை என்பதை என் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

ஆட்டோமேட்டிக் என்பது ஒன்றல்ல

கார் நின்றாலும் எஞ்சின் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். சுழலும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் வேண்டும்போது இணைப்பதும் பிரிப்பதும் கிளட்ச்சின் பணி. மேனுவல் காரில் இதை நம் இடது கால் செய்கிறது. ஆட்டோமேட்டிக் காரில் அந்தப் பணியை இயந்திரம் ஏற்கிறது. ஏற்கும் முறைகள் நான்கு.

முதலாவது ஏ.எம்.டி. இது மேனுவல் கியர்பெட்டியேதான்; கிளட்ச்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கருவி செய்கிறது. 2014 பிப்ரவரியில் மாருதி சுசூகி செலேரியோ இதனுடன் வெளிவந்த பிறகுதான் கிளட்ச் இல்லாத கார் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் விலைக்கு வந்தது. விலை குறைவு, ஆனால் கியர் மாறும்போது சிறு தயக்கம் தெரியும்.

இரண்டாவது டார்க் கன்வர்ட்டர். எஞ்சினின் சுழற்சியை எண்ணெயின் ஓட்டத்தால் கடத்தும் பழைய, உறுதியான முறை. மூன்றாவது சி.வி.டி. இரண்டு கப்பிகளும் அவற்றை இணைக்கும் பட்டையும் கொண்டது. கியர் மாறுவதே தெரியாது. நான்காவது இரட்டைக் கிளட்ச் முறை. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொன்று. 2013இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இம்முறையைக் கொண்டது, நம் புனேயை அடுத்த சாக்கன் ஆலையில் உருவானது. மிக விரைவாகக் கியர் மாறும். ஆனால் நெடுநேரம் ஊர்ந்து செல்லும் நெரிசலில் சில கார்களில் கிளட்ச் சூடேறக்கூடும், பழுதுபார்ப்பும் செலவு மிக்கது.

எனவே ஷோரூமில் “ஆட்டோமேட்டிக்” என்று சொன்னால், இவற்றுள் எது என்று கேட்டறிவதே முதல் கடமை.

பணக் கணக்கு

மேனுவல் காருக்கும் ஏ.எம்.டி. காருக்கும் ஷோரூம் விலையில் 60,000 ரூபாய் வேறுபாடு என்று கொள்வோம். வேறுபாடு அத்துடன் நிற்பதில்லை. மகாராஷ்டிரத்தில் தனிநபர் பெயரில் பதிவாகும் பெட்ரோல் காருக்குச் சாலை வரி 10 இலட்சம் வரை 11 சதவீதம். 10 முதல் 20 இலட்சம் வரை 12 சதவீதம். ஆகவே 60,000க்கு மேலும் 6,600 ரூபாய் வரி சேர்ந்து 66,600 ஆகிறது. காப்பீட்டுத் தொகையும் விலைக்கேற்பச் சற்று உயரும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு படி உண்டு. மேனுவல் கார் 9,70,000, ஆட்டோமேட்டிக் 10,30,000 என்றால், வரி 1,06,700இலிருந்து 1,23,600 ஆகிவிடும். வரியில் மட்டும் 16,900 ரூபாய் கூடுகிறது. விலை பத்து இலட்சத்தை ஒட்டியிருக்கும்போது இதைப் பாருங்கள். வரி விகிதங்கள் மாறக்கூடியவை. பதிவு செய்யும் நாளில் நடப்பிலுள்ளதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அந்த 66,600 ரூபாயையும் கடனாகப் பெற்றால், 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 1,383 ரூபாய் கூடும். வட்டி மட்டும் ஏறத்தாழ 16,350. ஏழு ஆண்டுகள் என்றால் தவணை 1,072ஆகக் குறையும். வட்டியோ 23,400ஐத் தாண்டும். ஐந்தாண்டுக் கணக்கில் நாளொன்றுக்கு 46 ரூபாய். உங்கள் இடது காலுக்கு ஓய்வளிக்கும் விலை அதுதான்.

எரிபொருள் பற்றிய பழைய அச்சம் இப்போது பெரிதாகப் பொருந்தாது. 2014 செலேரியோவுக்கு மேனுவல், ஏ.எம்.டி. இரண்டிலும் அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர்தான். இத்தகைய சோதனைகளை நடத்தும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம் 1966 முதல் நம் புனேயில் இயங்குகிறது. சோதனை உருளைகளின் மேல், ஆய்வகச் சூழலில் நடப்பது என்பதால் சாலையில் கிடைப்பது குறைவாகவே இருக்கும். இரண்டு வகைக்கும் இது பொதுவானது.

சாலைக் கணக்கு

டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் குறியீட்டில் புனே உலக அளவில் நான்காவது மெதுவான நகரம். பத்து கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 33 நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. ஹிஞ்சவடிக்கு நாள்தோறும் சென்று திரும்புபவர் ஒரு பயணத்திலேயே நூற்றுக்கணக்கான முறை கிளட்ச்சை மிதிக்க நேரும். முழங்கால் வலியோ இடுப்பு வலியோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 46 ரூபாய் வீண்செலவு அல்ல.

மறுபுறம், வார இறுதியில் மட்டும் காரை எடுப்பவரும், சொந்த ஊருக்கு நெடுஞ்சாலையில் செல்பவரும் மேனுவலில் இழப்பது ஒன்றுமில்லை. எந்தச் சிற்றூரிலும் பழுதுபார்க்கலாம். மின்கலம் தளர்ந்தால் தள்ளியும் கிளப்பலாம்; ஆட்டோமேட்டிக் கார்களை இவ்வாறு கிளப்ப முயலக் கூடாது. பழுதானால் இழுத்துச் செல்லும் முறையையும் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலைச்சாலை பற்றி ஒரு சொல். கத்ரஜ் புதிய சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரையிலான இறக்கம் விபத்துகளுக்குப் பெயர்போனது. 2022 நவம்பரில் சரக்கு வாகனம் ஒன்று மோதியதில் பல வாகனங்கள் அடுத்தடுத்து நொறுங்கின. இறக்கத்தில் எஞ்சினை அணைப்பதும், கியரை நியூட்ரலில் விடுவதும் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று எண்ணுவது பேராபத்து. வேகத்தைக் கட்டுப்படுத்தத் தாழ்ந்த கியர் வேண்டும். ஆட்டோமேட்டிக் காரிலும் அதற்கான ‘எல்’ நிலையோ, கியரை நாமே தேர்ந்தெடுக்கும் வசதியோ பெரும்பாலும் உண்டு. காட் பகுதிகளில் அடிக்கடி செல்பவர்கள் அவ்வசதி இருக்கும் காரையே தேர்ந்தெடுங்கள்.

வீட்டில் ஓட்டாமல் இருப்பவர் யார்?

என் மனைவி திருச்சியில் இருந்தபோதே ஓட்டுநர் உரிமம் பெற்றவர். பணிமாறுதலில் புனேக்கு வந்த முதல் ஆண்டு, ஒரு மாலை சாந்தனி சௌக் ஏற்றத்தில் நெரிசலில் சிக்கினார். கிளட்ச்சை விடும்போது எஞ்சின் இருமுறை நின்றது. கார் ஒரு முழம் பின்னோக்கி நகர்ந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அன்று மேசைமேல் வைத்த சாவியை அவர் ஆறு ஆண்டுகள் தொடவில்லை. நான் தணிக்கைப் பணிக்காக வெளியூர் சென்ற நாள்களில் கார் கீழே நின்றது. அவர் ஆட்டோவுக்காகக் காத்து நின்றார்.

காரை மாற்றும் காலம் வந்தபோது நான் மேனுவலுக்கே விலைப்பட்டியல் வாங்கினேன். கணக்கில் அதுதானே சிக்கனம்! “இந்தக் கணக்கில் ஆறு வருட ஆட்டோ வாடகையைச் சேர்த்தீர்களா?” என்று அவர் கேட்டார். நான் சேர்க்கவில்லை. நான் ஓட்டும் கார் என்று எண்ணியே கணக்கிட்டிருந்தேன்.

ஏற்றத்தில் பின்வாங்காமல் பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்டு வசதியுள்ள ஏ.எம்.டி. கார் ஒன்றை வாங்கினோம். சென்ற மழைக்காலத்தில் நான் சோலாப்பூரில் இருந்த ஓர் இரவு, எங்களுடன் வசிக்கும் என் தாயாருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. மனைவி எவரையும் அழைத்துக் காத்திருக்கவில்லை. சாவியை எடுத்தார், அதே ஏற்றத்தைக் கடந்து மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தார். அம்மா இப்போது நலம். எனக்குச் செய்தி வந்தபோது சிகிச்சை தொடங்கிவிட்டிருந்தது.

மேனுவல் தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. பொறுமையாகப் பழகினால் ஏற்றத்தில் எவரும் கிளட்ச்சைக் கையாளலாம். ஆனால் பழகுவதற்கு வாய்ப்பில்லாதவர், முதியவர், வலியுள்ளவர் வீட்டில் இருக்கும்போது, ஏற்கெனவே நன்றாக ஓட்டுபவர் மட்டும் தனியே முடிவெடுப்பது கணக்குப் பிழை.

கையெழுத்திடும் முன்

காரை ஓட்டப்போகும் அனைவரும் சோதனை ஓட்டத்திற்குச் செல்லுங்கள். ஓர் ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் கிளப்பிப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது காலை மட்டுமே பயன்படுத்தப் பழகுங்கள். இரண்டு கார்களுக்கும் வரி, காப்பீடு உள்ளிட்ட முழு விலையை எழுத்தில் பெறுங்கள். கடன் ஒப்பந்தத்துடன் தரப்படும் முக்கிய விவர அறிக்கையில் ஆண்டுச் சதவீத விகிதத்தைப் படியுங்கள். கூடுதல் விலைக்காகக் கடன் காலத்தை நீட்டுவதைவிட, முன்பணத்தைச் சற்று உயர்த்துவது நல்லது.

அடுத்த முறை கிளைக்கு வரும்போது, இரண்டு விலைப்பட்டியல்களுடன் வீட்டில் இதுவரை ஓட்டாமல் இருப்பவரையும் அழைத்து வாருங்கள். நாற்காலி ஒன்று கூடுதலாகப் போட்டு வைக்கிறோம்.