மாற்றிப் பார்ப்பதா, பார்த்து மாற்றுவதா?

நோயாளியின் கையைப் பிடித்து நாடி பாராமல், எடுத்த எடுப்பிலேயே மருந்தைக் கலக்கத் தொடங்கும் வைத்தியரிடம் நாம் நம் பிள்ளையை ஒப்படைப்போமா? ஒருபோதும் மாட்டோம். ஆனால் வீட்டுக் கார் நோயுற்றால் மட்டும் இத்தகைய வைத்தியத்துக்கு மறுப்பின்றி உடன்படுகிறோம். பம்பை மாற்றிப் பார்ப்போம். சரிவராவிட்டால் பிளக்கை மாற்றிப் பார்ப்போம். அதுவும் சரிவராவிட்டால் செயினை மாற்றிப் பார்ப்போம் என்று சொல்லக் கேட்டு, ஒவ்வொரு முறையும் பணப்பையைத் திறக்கிறோம். மாற்றிப் பார்ப்பது ஒரு முறை; பார்த்து மாற்றுவது மற்றொரு முறை. சொற்கள் இரண்டுதாம். அவை இடம் மாறுவதனால் பொருள் எத்துணை மாறிவிடுகிறது!

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை நீளும் நம் கரையோர வீதியில் ஓடும் கார்களில் கணிசமானவை, யப்பான் நாட்டில் சிலகாலம் ஓடியபின் இங்கு வந்தவை. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதுவரவு இல்லாமையால், பழையதை விற்று வேறு வாங்கலாம் என்றிருந்த குடும்பங்களும் கையிலிருந்த காரையே காப்பாற்ற நேர்ந்தது. இன்றும் புதிய கார் எட்டாக்கனியாயுள்ள இல்லங்கள் பல. அத்தகைய இல்லத்தில், பிழையாக அறியப்பட்ட ஒரு நோய் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கலாம். சில வேளை எஞ்சினையே விழுங்கலாம்.

ஆகவே, ஒன்றுபோலத் தோன்றி உரிமையாளரை மயக்கும் இரு நோய்களை இங்கு ஆராய்வோம். ஒன்று, எரிபொருளின் அமுக்கம் குறைதல். மற்றொன்று, டைமிங் செயின் தளர்தல்.

கடைமடைக்கு நீர் எட்டுமா?

சேனநாயக்க சமுத்திரம் நிறைந்து வழிந்தாலும், வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும் என்பதை நம் பகுதி விவசாயிகளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காரிலும் அவ்வாறே. தாங்கியில் பெற்றோல் இருப்பது வேறு. எஞ்சினின் வாயிலில் அது உரிய அமுக்கத்துடன் காத்து நிற்பது வேறு.

பழைய மொறிஸ் மைனர் கார்களில் சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பு 'டிக், டிக்' என ஒலிப்பதை மூத்தவர்கள் கேட்டிருப்பார்கள். காபரேற்றர் பூட்டிய அக்கார்களுக்குச் சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தல் அமுக்கமே போதுமாயிருந்தது. இன்றைய இன்ஜெக்டர் கார்களின் கதை வேறு. நம் வீதிகளில் அடிக்கடி காணும் கொரோலா 121, விட்ஸ், அலியன், பிரிமியோ ஆகியவற்றுட் பலவற்றில் உள்ளது டொயோட்டாவின் 1 என்இசட் எஃப்ஈ என்னும் எஞ்சின். அதற்கு வேண்டிய எரிபொருள் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 44 முதல் 50 இறாத்தல். காரின் சக்கரத்துக்கு நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 30 இறாத்தல்தான் என்பதை எண்ணிப்பார்த்தால் இதன் வலிமை விளங்கும்.

இவ்வமுக்கம் ஏன் முக்கியம்? இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் ஒரு விநாடியின் ஆயிரத்திற் சில பங்கு நேரமே திறக்கிறது. எவ்வளவு நேரம் திறப்பது என்பதைக் காரின் கணினி கணக்கிடுகிறது. அமுக்கம் உரிய அளவில் இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே அது கணக்கிடுகிறது. அமுக்கம் குறைந்தால் அதே நேரத்தில் குறைவான பெற்றோலே பாயும். எஞ்சின் பசியால் வாடும்.

அமுக்கம் குறையக் காரணங்கள் பல: வடிகட்டி அடைபடலாம்; பம்பு தேயலாம்; அமுக்கத்தைச் சீர்செய்யும் வால்வு கசியலாம். கடலோரத்தில் வாழும் நாம் மறக்கக்கூடாத இன்னொரு காரணமும் உண்டு. உப்புக் காற்றினால் மின்னிணைப்புகள் பூத்துப்போனால், பம்பு நல்லதாயிருந்தும் போதிய மின்சாரமின்றிச் சோர்ந்துவிடும். அப்போது புதுப் பம்பைப் போட்டாலும் அதுவும் சோரும்.

மேலும், தாங்கியினுள் இருக்கும் பம்பு தன்னைச் சூழ்ந்த பெற்றோலினாலேயே குளிர்கிறது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், காருக்கு வாரம் 20 லீற்றர் என்ற பங்கீட்டுக் காலத்தில், தாங்கியின் அடிமட்டத்திலேயே கார்களை ஓட்டப் பழகிக்கொண்டோம். நெருக்கடி நீங்கிய பின்னும் அப்பழக்கத்தைத் தொடர்வது நன்றன்று. தாங்கியில் காற்பங்காவது பெற்றோல் இருக்கட்டும்.

தறியும் டைமிங் செயினும்

மருதமுனைக் கைத்தறியின் முன் சற்று நின்று பார்த்தவர்களுக்கு டைமிங் செயினின் தத்துவம் எளிதில் விளங்கும். நெசவாளி மிதியை மிதிக்கப் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழி திறக்கின்றன. வழி திறந்திருக்கும் அந்தக் கணத்திலேயே நூல் சுமந்த நாடா குறுக்கே ஓடிவிட வேண்டும். மிதி முந்தினாலும் நாடா பிந்தினாலும் நூல் அறும். கையும் காலும் ஒத்திசைவதே நெசவு.

எஞ்சினிலும் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. வால்வுகள் திறந்து மூடுகின்றன. பிஸ்டனோடு சுழலும் கிராங் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் பிணைத்து ஒத்திசையச் செய்வதே டைமிங் செயின். கிராங் இருமுறை சுழன்றால் கேம் ஒருமுறை சுழல வேண்டும். அதனாற்றான் கேமின் பற்சில்லில் கிராங்கினதைப்போல் இருமடங்கு பற்கள் உள்ளன. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். கிராங்கின் பற்சில்லில் 18 பற்கள் இருப்பதாகக் கொண்டால், செயின் ஒரு பல் வழுவுவது 20 பாகை பிழையாகும். விநாடிக்கு 25 முறை நிகழும் வேலையில் 20 பாகை என்பது சிறு பிழையன்று.

செயின் நீண்டுவிட்டது என்பார்கள். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் உள்ள ஊசி மயிரிழையளவு தேய்கிறது. அத்தேய்வுகள் யாவும் கூடியே செயின் நீண்டதாகின்றது. இத்தளர்ச்சியை ஏற்று இறுக்கிப் பிடிக்க ஒரு கருவி உண்டு. பல எஞ்சின்களில் அது எஞ்சின் ஒயிலின் அமுக்கத்தினாலேயே இயங்குகிறது. ஆகவே ஒயில் குறைந்தாலோ, காலத்தில் மாற்றப்படாமல் கரி படிந்தாலோ, செயினும் தேயும்; அதனைப் பிடிக்கும் கையும் தளரும். எல்லை மீறித் தளர்ந்த செயின் பல் வழுவினால், பல எஞ்சின்களில் பிஸ்டன் வந்து திறந்த வால்வில் மோதும். பின்னர் செலவுக்குக் கணக்கில்லை.

ஒரே முகம், இரு நோய்

இரு நோய்களின் முகமும் ஏறத்தாழ ஒன்றே. ஸ்டார்ட் ஆகத் தாமதம், இழுவைக் குறைவு, குலுக்கல், எச்சரிக்கை விளக்கு ஆகிய இவை இரண்டிலும் வரலாம். ஆயினும் உற்றுநோக்குவோர்க்கு வேற்றுமை புலப்படும்.

எரிபொருட் பசி, அதிக வலிமை வேண்டும்போதே வெளிப்படும். நம் கரையோரம் சமதரை. மெதுவாக ஓடும் காரில் தளர்ந்த பம்பும் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். நோயாளியை ஏற்றிக்கொண்டு அம்பாறை, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் புறப்பட்டுப் பதினெட்டு வளைவில் ஏறும் வேளையிற்றான் அது தன்னைக் காட்டும். செயினின் தளர்ச்சியோ விடியற்காலையில் வீட்டு முற்றத்திலேயே ஒலிக்கும். இரவு முழுவதும் ஒயில் கீழே வடிந்திருப்பதால், முதன்முதல் ஸ்டார்ட் செய்யும்போது, இறுக்கும் கருவிக்கு ஒயில் எட்டும்வரை சில விநாடிகள் 'கறகற'வென்று சங்கிலியோசை கேட்கும். பிறகு அடங்கும். அடங்கிவிட்டதே என்று நாமும் மறந்துவிடுகிறோம்!

சோதனையின் ஒழுங்கு

முதலில் நோய், பின்னர் அதன் முதற்காரணம், அதன் பின்னரே தணிக்கும் வழி என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் வைத்தியனுக்கு வகுத்த ஒழுங்கு. கராஜுக்கும் அதுவே பொருந்தும். செலவு குறைந்த சோதனையிலிருந்து கூடியதற்குச் செல்வதே அறிவுடைமை.

முதலாவது, ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்த்தல். இதற்குக் காசு வேண்டியதில்லை.

இரண்டாவது, காரின் கணினியில் பதிந்துள்ள குறியீட்டை ஸ்கேனரால் வாசித்தல். பி 0171 என்பது கலவையில் பெற்றோல் போதவில்லை என்று கூறும். பி 0016 என்பது கிராங்கும் கேமும் ஒத்திசையவில்லை என்று கூறும். ஆனால் குறியீடு சாட்சியேயன்றித் தீர்ப்பன்று. முன்னது காற்றுக் குழாயின் கசிவினாலும் வரலாம். பின்னது சென்சர் பழுதினாலும், ஒயில் வால்வின் அடைப்பினாலும் வரலாம்.

மூன்றாவது, எரிபொருள் அமுக்கமானியைப் பூட்டி அளத்தல். மேற்சொன்ன டொயோட்டா எஞ்சினில் 44 முதல் 50 வரை காட்ட வேண்டும். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழிந்த பின்னும் 21 இறாத்தலுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. ஓடும்போதே குறைந்தால், பம்பைக் குற்றஞ்சாட்டுமுன் அதற்குச் செல்லும் மின்னழுத்தத்தையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். பெற்றோற் குழாயைக் கழற்றுமுன் அமுக்கத்தை விடுவித்து, அருகில் நெருப்பும் சிகரெட்டும் இல்லாதிருத்தல் கட்டாயம். பழகாதவர்கள் இதனை வீட்டில் முயலலாகாது.

நான்காவது, எரிபொருள் சரியென்று தெரிந்தால் வெற்றிடமானி. எஞ்சின் சும்மா ஓடும்போது, கடல்மட்டத்தில், முள் 17 முதல் 21 அங்குலம் வரை அசையாது நிற்கும். நம் ஊர்கள் கடல்மட்டத்திலேயே இருப்பதால் திருத்தம் எதுவும் வேண்டா. மலைநாட்டிலாயின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். முள் ஆடாமல், ஆனால் தாழ்ந்து நின்றால் வால்வுகளின் நேரம் பிந்தியிருக்கலாம் என ஐயுறலாம். எல்லாச் சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒருசேரக் குறைந்திருப்பின் அவ்வையம் வலுக்கும்.

இவற்றின் பின்னரே மேல்மூடியைக் கழற்றி, முதலாம் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொணர்ந்து, கிராங், கேம் ஆகியவற்றின் அடையாளங்கள் நேர்படுகின்றனவா என்று கண்ணாரக் காண வேண்டும். நேர்படாவிட்டால் செயினை மாற்றுவதில் தயக்கம் வேண்டா. செயினோடு, அதனை இறுக்கும் கருவியையும் அது உராயும் வழிகாட்டிகளையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம். கறகற ஓசை அடங்காது நீடித்தால், சோதனை முடியும்வரை காரை ஓட்டாதிருப்பதே எஞ்சினைக் காப்பாற்றும்.

கேட்கத் தெரிந்தால் போதும்

இவ்வளவையும் வீட்டுக்காரர் செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தாற் போதும். கராஜில் நடக்கக்கூடிய ஓர் உரையாடலைக் கற்பனை செய்வோம்.

"காக்கா, பம்பு போன மாதிரிக் கிடக்கு. மாத்திப் பாப்பமா?"

"மாத்துறதப் பிறகு பாப்பம் தம்பி. பிரஷர அளந்து பாத்தீங்களா? எத்தன காட்டிச்சு?"

இந்த ஒரு கேள்வி போதும். தொழில் தெரிந்த மெக்கானிக் இதனைக் கேட்டுக் கோபிக்கமாட்டார், மகிழ்வார். எண்ணைச் சொல்லுவார். எண்ணைச் சொல்ல இயலாதவர் ஊகத்தையே சொல்கிறார் என்று கொள்ளலாம். நம் கரையோரத்தில் ஓசை கேட்டே நோய் சொல்லும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அவர்தம் செவிக்கு நாம் தலைவணங்குகிறோம். அச்செவியோடு ஓர் அமுக்கமானியும் சேர்ந்தால் அவர்களை வெல்ல யாரால் இயலும்?

இளைஞர்களுக்கும் ஒரு சொல். மோட்டார்த் தொழிலைப் படிப்பு வராதவனின் புகலிடம் என்று எண்ணும் மடமை இன்னும் நம்மிடையே உண்டு. மேற்கூறிய சோதனைகளில் பௌதிகம் இருக்கிறது, கணிதம் இருக்கிறது, காரணகாரிய அளவை இருக்கிறது. அம்பாறையிலேயே ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கு வழிகாட்டும் மோட்டார்ப் பயிற்சிகளும் நாட்டில் உள்ளன. பெற்றோர் இவற்றை இரண்டாந்தரமாகக் கருதலாகாது.

வீட்டுக்கார் உடையோர் ஒரு சிறு கொப்பி வைத்துக்கொள்ளட்டும். ஒயில் மாற்றிய திகதி, ஓடிய கிலோமீற்றர், அளந்த அமுக்கம், மாற்றிய பொருள் ஆகிய நான்கையும் அதில் எழுதிவரட்டும். அடுத்த முறை கார் தடுமாறும்போது அக்கொப்பியே முதற்சாட்சியாகும். எழுதி வைத்த எண்ணிருக்க, எவர் சொல்லுக்காகவும் பணப்பையை அவசரமாகத் திறக்க வேண்டியதில்லை. முதலில் பார்ப்போம், பின்னர் மாற்றுவோம்.